கோடரிக்குத் திறக்காத காடு

திருவாதவூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பீரங்கியும் விமானமும் வைத்திருக்கிற படை, ஒளிந்திருந்து அடிக்கிற சிறு கூட்டத்திடம் ஏன் வருடக்கணக்கில் திணறுகிறது என்று கேட்டிருந்தாய். ராணுவத் தேர்வுக்குப் படிக்கிறவன் கேட்க வேண்டிய கேள்விதான். பதில் நமக்குப் பக்கத்திலேயே, சிவகங்கைச் சீமையில் இருக்கிறது.

1801 ஜூலைக் கடைசியில் கர்னல் அக்னியூவின் ஆங்கிலேயக் கும்பெனிப் படை, சிவகங்கையை ஆண்டுவந்த மருது சகோதரர்களைப் பிடிக்கச் சிறுவயலிலிருந்து அவர்களுடைய அரணான காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட ஆரம்பித்தது. மரம் வெட்டுகிறவனுக்குக் காவலாகச் சிப்பாய் நிற்க வேண்டும். நிற்கிறவன் மேல் புதருக்குள்ளிருந்து குண்டு வரும். விரட்டிப் போனால் முள்தான் கிழிக்கும், ஆள் கிடைக்க மாட்டான். வெட்டிய பாதைக்குக் காவல், பின்னால் வருகிற தானியத்துக்குக் காவல் என்று பாதை நீள நீளப் படை மெலிந்தது. ஒரு மாதம் வெட்டிவிட்டு, செப்டம்பர் தொடக்கத்தில் அக்னியூ ஒக்கூருக்குப் பின்வாங்கினார்.

அதன்பின் அவர் செய்ததைக் கவனி. அரச குடும்ப உறவான படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைச் சோழபுரத்தில் வைத்துச் சிவகங்கைக்கு உரியவர் என்று அறிவித்தார். மருதுகள் அரச வம்சத்தவர் அல்லர் என்பதுதான் அவருக்குக் கிடைத்த பிடி. கூட நின்றவர்களில் பலர் விலகினார்கள். அக்டோபர் 1-ல் காளையார்கோவில் விழுந்தது. 24-ல் திருப்பத்தூரில் மருதுகளைத் தூக்கிலிட்டார்கள்.

என் மனசு மருதுகள் பக்கம்தான். கும்பெனி செய்தது பிரித்தாளும் வேலை; அது உனக்கு வழிகாட்டியாக வேண்டாம். ஆனால் மறைந்து போரிடுகிறவனுக்குச் சோறும் சேதியும் ஊர் கொடுக்கிறவரை, காட்டை மட்டும் அழித்துப் பயனில்லை.

மிசோரமில் நம் ராணுவமும் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 1966-ல் மிசோ கிளர்ச்சியை அடக்க ஐஸ்வால் மீது விமானத்தாக்குதல் நடந்தது. அடுத்த வருடம் முதல், போராளிகளுக்கு உணவு போகாமல் தடுக்கக் கிராமங்களைப் பெயர்த்துக் காவலுக்குள் வைத்தார்கள். அந்த ஆத்திரம் தலைமுறை தாண்டியும் நின்றது. சண்டை முடிந்தது 1986 ஜூன் 30 உடன்பாட்டில். ஆயுதம் தூக்கிய போராளிகளின் தலைவர் லால்தெங்காவே முதலமைச்சரானார்.

சிறு குழுவாக நடப்பது, இரவில் பதுங்குவது எல்லாம் பயிற்சியில் கற்றுத் தருவார்கள். ஊரைப் பகைத்துக்கொள்ளாமல் இருப்பது உன் கையில். நீ அதிகாரியாகி ஒரு வீட்டைச் சோதிக்கப் போகும்போது ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள். பெண்களைப் பெண் காவலர்களே சோதிக்கட்டும். கலைத்த அரிசிப்பானையை இருந்த இடத்தில் வைக்கச் சொல்லிவிட்டு வெளியே வா.

அன்புடன்,
தாய்மாமன்