திரும்பி வந்த செக்

கேள்வி: திருபுவனையில் ஒரு சிறு கம்பெனியில் மேனேஜராக இருக்கிறேன். கோவை பார்ட்டி தந்த செக் பணமில்லாமல் திரும்பிவிட்டது. 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம் சார்' என்கிறார். காத்திருக்கலாமா?
– வாசகர், மண்ணாடிப்பட்டு

பதில்: அவருடைய 'அடுத்த மாசம்' உங்கள் கெடுவைத் தின்றுவிடும், சார்! செக் திரும்பியதாக பாங்க் மெமோ கிடைத்த 30 நாளுக்குள் பணம் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை ஃபைலில் வையுங்கள். நோட்டீஸ் கிடைத்தும் அவர் 15 நாளில் கட்டாவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவில் கோர்ட்டில் புகார். கோவைக்கு அலையணுமே என்ற பயம் வேண்டாம். 2015 திருத்தத்துக்குப் பிறகு, நீங்கள் கணக்கு வைத்திருக்கும் கிளை எங்கேயோ அங்கேதான் வழக்கு; பஸ் ஏற வேண்டியவர் அவர். வாட்ஸ்அப்பில் அவர் சொல்லும் சமாதானங்களை அழித்துவிடாதீர்கள். மெமோவோடு இன்றே வக்கீலைப் பாருங்கள்.