பட்டறைக்குப் பணம் வரும் வழி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி.)

தொழிற்கல்வியின் சிறப்பைப் பேசாத மேடை இல்லை. ஆனால் அக்கல்வி நடைபெறும் பட்டறையைக் கட்டுவது யார், எந்திரத்தை வாங்குவது யார், அது பழுதானால் செலவு செய்வது யார் என்று நாம் சிந்திப்பது அரிது. இக்கேள்விகளுக்கு விடை அரசின் நிதி விதிகளில் இருக்கிறது. அவற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

இரு வகைச் செலவுகள்

அரசுச் செலவு இரு வகைப்படும். கட்டடம், எந்திரம், மேசை, நாற்காலி போன்றவை தொடராச் செலவு. ஒரு முறை செய்தால் முடிந்தது. ஆசிரியர் சம்பளம், மின்கட்டணம், பயிற்சிக்கான இரும்பு, பழுதுபார்ப்பு ஆகியவை தொடரும் செலவு. ஆண்டுதோறும் வந்து நிற்கும். ஒன்றுக்கென ஒப்பளித்த தொகையை மற்றொன்றுக்கு எடுத்தாள முடியாது. மானியம் பெற்ற நிறுவனம் பயன்பாட்டுச் சான்றிதழ் தரவேண்டும்; செலவழியாத தொகையைத் திருப்பிச் செலுத்த வேண்டும்.

ஐ.டி.ஐ.க்களின் கதை

1950இல் மத்திய அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. 1956இல் தொழிற்பயிற்சி நிலையங்களின் நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. செலவில் மத்திய அரசு 60 பங்கும் மாநிலம் 40 பங்கும் ஏற்றன. 1969 ஏப்ரல் முதல் நிதிப் பொறுப்பும் மாநிலங்களுக்கே மாறியது. அதன்பின் மத்திய அரசின் பணம் பெரும்பாலும் மேம்பாட்டுத் திட்டங்களின் வடிவில் வருகிறது. அன்றாடச் செலவு மாநிலத்தின் தலையில் நிற்கிறது.

2007-08இல் வந்த திட்டம் ஒன்று கவனத்திற்குரியது. 1,396 அரசு ஐ.டி.ஐ.க்களுக்குத் தலா 2.5 கோடி ரூபாய் தருவதென முடிவாயிற்று. இது மானியமன்று, வட்டியில்லாக் கடன். முதல் 10 ஆண்டுகள் தவணை இல்லை. அடுத்த 20 ஆண்டுகளில் சம தவணைகளில் திருப்பித் தரவேண்டும். கணக்கிட்டால் ஆண்டுக்கு 12.5 லட்சம் ரூபாய். ஏழைப் பிள்ளைகள் படிக்கும் நிலையம் இத்தொகையை எங்கிருந்து ஈட்டும்?

தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877.43 கோடி ரூபாயில் ‘தொழில் 4.0’ மையங்களாக உயர்த்தும் திட்டம் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து மேற்கொள்ளப்பட்டது. 2025 மே மாதம் மத்திய அமைச்சரவை 1,000 அரசு ஐ.டி.ஐ.க்களுக்கு 60,000 கோடி ரூபாய்த் திட்டத்தை ஏற்றது. அதில் மத்திய அரசு 30,000 கோடி, மாநிலங்கள் 20,000 கோடி, தொழில் நிறுவனங்கள் 10,000 கோடி.

அருகிலுள்ள சான்று

உயர்கல்வியிலும் இதே போக்கைக் காணலாம். நம் மாவட்டத்துச் சேதுராப்பட்டியில் உள்ள இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகம் 2013இல் தொடங்கியது. இவ்வகைக் கழகம் ஒன்றின் மூலதனம் 128 கோடி ரூபாய். மத்திய அரசு 50, மாநிலம் 35, தொழில் நிறுவனங்கள் 15 என்பது விகிதம். நிலத்தை மாநிலம் இலவசமாகத் தரவேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குள் நடப்புச் செலவைக் கழகமே கட்டணம் முதலியவற்றால் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பது திட்டம்.

கட்டுவதற்குப் பங்காளிகள் மூவர், நடத்துவதற்கு ஒருவரே.

யாருக்கு இழப்பு?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பள்ளியில் உடன் படித்தவர்களில் பலர் ஐ.டி.ஐ.க்கும் பாலிடெக்னிக்குக்கும் சென்றனர். அவர்களில் ஒருவன் படித்த இடத்தில் கடைசல் எந்திரம் ஒன்று பழுதாகிப் பல மாதம் கிடந்ததாம். புது எந்திரம் வாங்கப் பணம் உண்டு. பழையதைச் சீர்செய்யத் தலைப்பில் பணம் இல்லை என்றார்களாம். அவன் கையால் கற்கவேண்டியதைக் கரும்பலகையில் கற்றான். வேலைக்குச் சேர்ந்தபின் முதலாளி கேட்பது சான்றிதழை மட்டுமா? கைப்பழக்கத்தையும் அல்லவா?

மாட்டை வாங்கிக் கட்டிவிட்டுத் தீவனத்துக்குக் காசு ஒதுக்காத வீட்டில் பால் எப்படிக் கிடைக்கும்? எந்திரத்தின் விலையோடு அதன் பராமரிப்புக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகையை ஆணையிலேயே எழுதி வைக்க வேண்டும் என்பது என் கருத்து. நம் கல்லூரி ஆய்வுக்கூடங்களுக்கும் இது பொருந்தும்.

எனவே நண்பர்களே, புதிய பட்டறை, இத்தனை கோடி என்று செய்தி வரும்போது மகிழ்வோம். அதே மூச்சில், தொடரும் செலவுக்கு எவ்வளவு, அதைத் தருபவர் யார் என்றும் கேட்போம். அக்கேள்வியைக் கேட்கக் கற்பதும் பட்டப்படிப்பின் பயன்தான்.