புது லீக்கில் வேலையா? முதல் மாதம் கவனிக்க

கபடி, வாலிபால், கோ-கோ என்று புதிதாகத் தொடங்கும் தொழில்முறை லீக்கில் சேர்ந்திருக்கிறீர்களா? பார்த்துச் செய்ய அங்கே போன வருடத்துக் கோப்பு இருக்காது. அதனால்:

1. சம்பளம் தருவது லீக்கா, அணியா, ஒப்பந்த நிறுவனமா என்று எழுத்தில் வாங்குங்கள். சீசன் முடிந்தபின் அலைய வேண்டியிருக்காது.

2. விதிப்புத்தகத்தை முதல் வாரமே படியுங்கள். கபடிக் களம் ஆண்களுக்கு 13க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12க்கு 8. இது தெரியாமல் மேட் ஆர்டர் கொடுக்க முடியாது.

3. முதல் ஆட்ட நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒளிபரப்புத் தேதி உங்களுக்காக நகராது.

4. குறைந்த இடங்களில் தொடங்கச் சொல்லுங்கள். பயணச் செலவு கட்டுக்குள் நிற்கும். 2023-இல் கிரிக்கெட்டின் மகளிர் பிரீமியர் லீக்கின் முதல் சீசனில் 22 ஆட்டங்களும் மும்பை, நவி மும்பையின் இரண்டே மைதானங்களில் நடந்தன.

5. அரங்கத்தை ஆட்ட நேரத்திலேயே போய்ப் பாருங்கள். கண் கூசும் விளக்கு, கழிப்பறை வரிசை, ஆம்புலன்ஸ் வழியை அடைத்து நிற்கும் பைக்குகள் எல்லாம் மாலையில்தான் தெரியும். வீராங்கனைகள் உடை மாற்றும் அறையில் தாழ்ப்பாள் விழுகிறதா என்று நீங்களே போட்டுப் பாருங்கள். இதை மட்டும் யாரிடமும் விட்டுவிடாதீர்கள்.

6. வீரர்களின் வங்கி விவரம், காப்பீடு இரண்டையும் பயிற்சி முகாமின் முதல் நாளே முடித்துவிடுங்கள். முதல் பயிற்சியிலேயே முழங்கால் திரும்பலாம். அந்தச் சம்பளத்தை நம்பி ஊரில் ஒரு குடும்பம் இருக்கும்.