தென்பெண்ணை போய்ச் சேரும் கரையில் ஒரு கட்டுமரம்

நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையைத் தாண்டி, நம்ம கே.ஆர்.பி. அணைக்கு வரும் தென்பெண்ணை கடைசியில் எங்கே போகிறது? கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. நம்ம ஊர்த் தண்ணி கடலைப் பார்த்துவிட்டது, நான்தான் இன்னும் பார்க்கவில்லை! நூலகத்தில் படித்ததையும், ஹாஸ்டலில் இருக்கும் கடலூர்ப் பக்கத்து நண்பன் சொன்னதையும் வைத்தே எழுதுகிறேன். தப்பிருந்தால் அவனைத் திட்டவும்.

அந்தக் கரையின் மீனவர்கள் பெரும்பாலும் பட்டினவர். நெய்தல் நில மக்களைச் சங்க நூல்கள் பரதவர் என்கின்றன. பௌர்ணமியன்று கடலுக்குப் போகாமல், சுறாவின் கொம்பை நட்டு வணங்கி, உண்டு களித்தார்கள் என்று பட்டினப்பாலை கூறுகிறது. அது பெரிய கதை. நான் சொல்ல வந்தது அவர்களுடைய கட்டுமரத்தைப் பற்றி.

கட்டுமரத்தில் ஆணி கிடையாது. லேசான மரத்தடிகளைச் செதுக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். இரும்பு கிடைக்காததாலா? இல்லை. கடலில் ஊறிய மரம் கனத்துப்போகும். அதனால் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, தடிகளைத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள். அப்புறம் மறுபடி கட்டுவார்கள். வெல்டிங் நிரந்தர இணைப்பு, போல்ட்-நட் தற்காலிக இணைப்பு என்று ஒர்க்ஷாப் பாடத்தில் படிக்கிறோமே! அடிக்கடி கழற்ற வேண்டியதை யாராவது வெல்டிங் செய்வார்களா?

இன்னொரு விஷயம். அங்கே ஆபத்தே கரையோரம் அலை உடையும் இடத்தில்தான். குழிவான படகில் அலை ஏறினால் தண்ணீர் நிரம்பிவிடும். கட்டுமரத்தில் ஏறிய தண்ணீரோ தடிகளின் இடுக்கு வழியாக இறங்கிவிடும். சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன்பு கப்பல்கள் தள்ளி நிற்கும். ஆட்களும் சரக்கும் மசூலா படகில்தான் கரை சேரும். அதுவும் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு. தரையில் மோதினால் வளைந்து கொடுக்கும். அந்த மசூலாவே போக முடியாத அலையிலும் கட்டுமரத்துக்காரர் கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோனார்.

மீன் கிடைத்த இடத்தை எப்படி ஞாபகம் வைப்பார்கள்? கரையில் ஒரு கோபுரமும் ஒரு பனையும் நேர்கோட்டில் தெரிய வேண்டும். வேறு பக்கம் இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் அது. சிவில் நண்பர்களே, இது உங்கள் சர்வே பாடம் இல்லையா?

இதைப் படித்தபோது அப்பா ஞாபகம் வந்தது. கல் குவாரியில் வேலை. கையெழுத்து மட்டும் போடுவார். ஆனால் பாறையைத் தட்டிப் பார்த்தே, “இங்க ஆப்பு வெச்சா நேரா பிளக்கும்டா” என்பார். அப்படியே பிளக்கும். அட்மிஷன் பாரத்தில் தந்தை தொழில் என்ற இடத்தில் நான் ‘கூலி’ என்று எழுதினேன். இப்போது எழுதச் சொன்னால் கொஞ்சம் யோசிப்பேன்.

டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697-இல் வந்த தன் புத்தகத்தில் கட்டுமரத்தைக் குறிப்பிட்டார். சொல் ஆங்கிலத்துக்குப் போய் ‘கேட்டமரான்’ ஆனது. இன்று உலகில் அந்தப் பெயரில் ஓடுவதோ பசிபிக் தீவுக்காரர்களைப் போல இரட்டை உடல் கொண்ட படகு. பெயர் நம்முடையது, சாமான் வேறு!

26-12-2004 சுனாமியில் ஏராளமான கட்டுமரங்கள் போயின. நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். வேகம் அதிகம், எஞ்சினும் உண்டு. மீனவர் விரும்புவதில் தப்பில்லை. மரம் கட்டத் தெரிந்த கைகள் மட்டும் குறைந்துகொண்டே வருகின்றன.

இந்த வருட இன்டஸ்ட்ரியல் விசிட்டும் ஓசூர் கம்பெனிக்குத்தான் என்கிறார்கள். பேரவைச் செயலாளர் அவர்களே, ஒரு நாள் கடலூருக்கும் கேட்டுப் பாருங்களேன். கட்டை அவிழ்த்துக் கட்டிக் காட்ட ஒரு தாத்தா இருக்கிறார் என்று ஹாஸ்டல் நண்பன் சொல்கிறான்.