மின்சாரப் பார வண்டி: வாங்குமுன் குடியானவர் போட வேண்டிய கணக்கு

பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி ஆகிய வட்டாரங்களில் விளையும் நெல், நிலக்கடலை, கத்தரி, கீரை, மல்லிகை முதலியவற்றிற்குச் சென்னைப் பட்டணமே பெரிய சந்தையாகும். முன்னர் கொத்தவால்சாவடியில் இறங்கிய காய்கறிகள் 1996-ஆம் ஆண்டு முதல் கோயம்பேட்டில் இறங்குகின்றன. காசிமேடு, இராயபுரம், திருவொற்றியூர் முதலிய இடங்களின் சில்லறை அங்காடிகளுக்கு நேரே சரக்கனுப்பும் குடியானவர்களும் உளர். இவர்களுள் பலர், வாடகை வண்டிக்குக் கொடுக்கும் சத்தத்தையும் எண்ணெய்ச் செலவையும் எண்ணி, மின்சாரத்தால் ஓடும் சிறு பார வண்டி ஒன்றைச் சொந்தமாக வாங்கலாமா என்று யோசித்து வருகின்றனர். நகையையோ நிலத்தையோ ஈடு வைத்துக் கடன் பெற்று வாங்கும் பொருளாதலின், விளம்பரத்தை மட்டும் நம்பி முடிவு செய்தல் தகாது. வண்டியின் தூரம், சுமை, விலை ஆகிய மூன்றையும் எவ்வாறு கணக்கிட வேண்டும் என்பதை இங்கே விளக்குவோம்.

மின்சார ஊர்தி சென்னைக்குப் புதியதன்று. 1895 முதல் 1953 வரை இந்நகர வீதிகளில் மின்சார டிராம் வண்டிகள் ஓடின. எண்ணூரிலோ 1948-ஆம் ஆண்டில் அசோக் மோட்டார்ஸ் கம்பெனி தோன்றி, 1955-இல் அசோக் லேலண்டு எனப் பெயர் பெற்று, லாரித் தொழிலுக்குப் பெயர்போன இடமாக அவ்வூரை ஆக்கிற்று. அக்கம்பெனியின் கிளை நிறுவனமாகிய சுவிட்ச் மொபிலிட்டி, 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஐஇவி-3, ஐஇவி-4 என்னும் மின்சாரச் சிறு லாரிகளை வெளியிட்டது. மகீந்திரா கம்பெனியின் ஜியோ என்னும் வண்டி 2024 அக்டோபரிலும், டாட்டா கம்பெனியின் ஏஸ் புரோ மின்சார வண்டி 2025 ஜூனிலும் விற்பனைக்கு வந்தன. ஆகவே வண்டிகளுக்குக் குறைவில்லை. நம் தேவைக்கு ஏற்றது எது என்பதே கேள்வி.

1. தூரம்

மின்சார வண்டியின் மின்கலம், அதாவது பாட்டரி, எண்ணெய்த் தொட்டிக்கு ஒப்பானது. அதன் கொள்ளளவு யூனிட் கணக்கில் கூறப்படும். வீட்டு மின் கட்டணச் சீட்டில் காணும் யூனிட்டும் இதுவும் ஒன்றே. டாட்டா ஏஸ் புரோ மின்சார வண்டியின் மின்கலம் 14.4 யூனிட் கொள்ளும். அதற்குச் சான்றளிக்கப்பட்ட தூரம் 155 கிலோமீட்டர். ஏற்றத்தக்க சுமை 750 கிலோ.

இச்சான்றுத் தூரம் சோதனைச்சாலையில் உருளைகளின்மேல் வண்டியை ஓட்டி அளக்கப்படுவதாகும். மேடு பள்ளமான கிராமச் சாலை, முழுச் சுமை, எதிர்க்காற்று, காற்றுக் குறைந்த சக்கரம் ஆகியவை அச்சோதனையில் இடம்பெறுவதில்லை. ஆதலால் குடியானவர், சான்றுத் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கையே உண்மைத் தூரமாகக் கொள்வது நலம். அதிலும் ஐந்தில் ஒரு பங்கை, வழி மாறுதல், மழை, மின்கலம் நாளடைவில் தளர்தல் ஆகியவற்றை முன்னிட்டுக் கையிருப்பாக நிறுத்திவிட வேண்டும். இக்கணக்கின்படி 155 கிலோமீட்டர் 103 ஆகி, முடிவில் ஏறக்குறைய 83 கிலோமீட்டராக நிற்கும்.

பொன்னேரியிலிருந்து கோயம்பேட்டுக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய 75 முதல் 80 கிலோமீட்டர் ஆகும். மேற்சொன்ன வண்டி இதற்கு மட்டுமட்டாகப் போதும். கும்மிடிப்பூண்டியிலிருந்து செல்வோருக்கு இது போதாது. சந்தையில் வண்டி நிற்கும் நேரத்தில் இடையே மின்னேற்றம் செய்துகொள்ள ஏற்பாடு இருந்தாலன்றி அவர்கள் இதை நாடலாகாது. மீஞ்சூரிலிருந்து திருவொற்றியூர் வரை செல்வோருக்கோ தாராளமாகப் போதும். ஒவ்வொருவரும் தம் களத்திலிருந்து சந்தை வரையுள்ள தூரத்தை ஒரு மோட்டார் சைக்கிளின் மீட்டரைக் கொண்டு அளந்து குறித்துக்கொள்ளுதல் முதற் கடமையாகும்.

மின்கலம் பெரிதாயிருந்தால் தூரமும் மிகும் என்று எண்ணுதல் பிழை. சுவிட்ச் ஐஇவி-4 வண்டியின் மின்கலம் 32.2 யூனிட் கொள்ளும். ஆயினும் அதற்குக் கூறப்படும் தூரம் 120 கிலோமீட்டரே. அது 1.7 டன் சுமக்கும் கனத்த வண்டியாதலின், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கூடுதலாக மின்சாரம் கொள்கிறது.

துறைமுகப் பகுதிக்குச் செல்லும் வண்டிகளுக்கு மின்சாரத்தால் ஒரு தனி அனுகூலம் உண்டு. எண்ணூர், திருவொற்றியூர் சாலைகளில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாய் நிற்கும்போது எண்ணெய் வண்டியின் இயந்திரம் நின்ற இடத்திலேயே எண்ணெயைக் குடிக்கும். மின்சார மோட்டாரோ வண்டி நிற்கும்போது சுழலுவதில்லை. அன்றியும் வேகத்தைத் தணிக்கும்போது மோட்டார் மின்சாரத்தை ஓரளவு மின்கலத்துக்குத் திருப்பி அனுப்புகிறது.

2. சுமையும் இழுவையும்

750 கிலோ என்பது 75 கிலோ மூட்டைகள் பத்தேயாகும். "மோட்டாருக்குப் பலம் இருக்கிறதே, பதினைந்து மூட்டை ஏற்றினால் என்ன?" என்று கேட்போர் உண்டு. மின்சார மோட்டார் புறப்படும்போதே முழுப் பலத்தையும் காட்டுவதால் அதிகச் சுமை தெரியாமற் போவது உண்மையே. ஆனால் பிரேக்கும், அச்சும், வில்லும், சக்கரமும் அச்சுமைக்கு அமைந்தவையல்ல. மோட்டாரும் மின்கலமும் சூடேறி ஆயுள் குன்றும், தூரமும் குறையும். அன்றியும் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அதிகச் சுமைக்கு 20,000 ரூபாயும், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. ஒரு நடை மிச்சப்படுத்தப் போய் ஒரு போகத்தின் ஆதாயத்தை இழக்க நேரிடும்.

வண்டியின் பதிவுச் சான்றிதழில் வெறும் எடை, மொத்த எடை என இரண்டு காணப்படும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே ஏற்றத்தக்க சுமை. மின்கலத்தின் கனம் வெறும் எடையில் சேர்ந்திருப்பதால், உருவத்தில் ஒத்த எண்ணெய் வண்டியின் சுமையை வைத்து மின்சார வண்டியின் சுமையை மதிப்பிடலாகாது. ஓட்டுநரோடு ஏறும் ஆளின் எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பின்னால் டிரெய்லர் பூட்டி இழுக்கும் எண்ணம் சிலருக்கு உண்டு. அமெரிக்காவில் 2022-இல் விற்பனைக்கு வந்த ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் என்னும் பெரிய மின்சார வண்டி, ஏறக்குறைய 4,500 கிலோ வரை இழுப்பதற்கென்றே அமைக்கப்பட்டது. அதிலேயே கனத்த டிரெய்லரைப் பூட்டி ஓட்டிய சோதனைகளில், ஒரு முறை ஏற்றிய மின்சாரத்தில் ஓடும் தூரம் பாதியாகவும் அதற்குக் கீழாகவும் குறைந்துபோயிற்று. நம் நாட்டுச் சிறு பார வண்டிகளோ சுமப்பதற்கென ஏற்பட்டவை. உற்பத்தியாளர் இழுவை அளவை எழுத்தில் கொடுத்தாலன்றி எதையும் பூட்டலாகாது. டிரெய்லருக்குத் தனிப் பதிவும் வேண்டும். களத்திலிருந்து சாலைக்கு இழுக்கும் வேலையை டிராக்டருக்கு விட்டு, சாலையிலிருந்து சந்தைக்குச் சுமக்கும் வேலையை மட்டும் இவ்வண்டிக்குக் கொடுப்பதே முறை.

3. விலை

விலைக் கணக்கே இக்கட்டுரையின் முக்கிய பாகமாகும். 2025 ஜூனில் ஏஸ் புரோ பெட்ரோல் வண்டி 3.99 லட்சம் ரூபாய்க்கும், அதே உருவமும் சுமையுமுள்ள மின்சார வண்டி 6.50 லட்சம் ரூபாய்க்கும் அறிவிக்கப்பட்டன. வித்தியாசம் 2,51,000 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் எண்ணெய்ப் பார வண்டிகளின் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 28-இலிருந்து 18 ஆகக் குறைந்தது. மின்சார வண்டிக்கு முன்போல் 5 ஆகவே நின்றது. ஆதலின் வித்தியாசம் பின்னர் விரிந்திருக்கும். வாங்குவோர் அன்றைய விலையை எழுத்தில் பெற்று, கீழ்க்கண்ட கணக்கைத் தாமே மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.

மின்னேற்றும்போது ஏற்படும் சேதாரத்தையும் சேர்த்து, கிலோமீட்டர் ஒன்றுக்கு 0.16 யூனிட் என்றும், யூனிட் 10 ரூபாய் என்றும் கொண்டால், மின்சாரச் செலவு 1 ரூபாய் 60 காசு. பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் எனக் கொண்டால், பெட்ரோல் செலவு ஏறக்குறைய 6 ரூபாய் 70 காசு. கிலோமீட்டருக்கு மிச்சம் 5 ரூபாய் என வைத்துக்கொள்வோம். அதிகப்படியாகக் கொடுத்த 2,51,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி நூற்றுக்கு 10 ஆனால், முதல் ஆண்டு வட்டி மட்டும் 25,100 ரூபாய்.

இனி இரண்டு குடியானவர்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாமவர் கீரையும் காய்கறியும் பயிரிட்டு, ஆண்டில் 300 நாள், நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர் ஓட்டுகிறார். ஆண்டுக்கு 24,000 கிலோமீட்டர். மிச்சம் 1,20,000 ரூபாய். வட்டி போக, அதிக விலை முழுவதும் ஏறக்குறைய இரண்டரை ஆண்டில் திரும்பிவிடும். அதன்பின் வருவதெல்லாம் ஆதாயமே.

இரண்டாமவர் நெல் மட்டும் பயிரிட்டு, ஆண்டில் 120 நாள், நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் ஓட்டுகிறார். ஆண்டுக்கு 3,600 கிலோமீட்டர். மிச்சம் 18,000 ரூபாய். இது வட்டிக்கே போதாது. அசல் ஒருநாளும் தீராது. வண்டி கொட்டகையில் நிற்க, கடன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே மின்சார வண்டியின் விலையைத் திருப்பித் தருவது அதன் சக்கரம் சுழலும் தூரமேயன்றி வேறில்லை. மேற்கண்ட விகிதப்படி ஏழாண்டில் வட்டியும் அசலும் தீர வேண்டுமானால், ஆண்டுக்கு ஏறக்குறைய 10,300 கிலோமீட்டர் ஓடியாக வேண்டும். அதற்குக் குறைந்த ஓட்டமுடையவர் தனியே வாங்குதல் தகாது. இரண்டாமவரைப் போன்ற நால்வர் கூடி ஒரு வண்டி வைத்தால் 14,400 கிலோமீட்டர் ஆகிக் கணக்கு நேராகும். ஆனால் நால்வரும் நெற்பயிர்க்காரராயின் அறுவடையில் ஒரே வாரத்தில் வண்டி கேட்டுப் பிணக்கு உண்டாகும். நெல், காய்கறி, பூ என வெவ்வேறு பருவமுடையோர் கூடுவதே உத்தமம். கூட்டுறவுச் சங்கமோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ வண்டியை வாங்கி வாடகைக்கு விடுதல் இன்னும் மேலானது.

4. மின்னேற்றமும் பாதுகாப்பும்

15 ஆம்பியர் செருகியிலிருந்து மணிக்கு ஏறக்குறைய 3.3 யூனிட் ஏறும். 14.4 யூனிட் மின்கலம் நிறைய நாலரை முதல் ஐந்து மணி நேரம் ஆகும், 32.2 யூனிட் மின்கலத்துக்குப் பத்து மணி நேரமாகும். தடித்த கம்பியும் நல்ல எர்த் இணைப்பும் தனிச் சுவிட்சும் இன்றி மின்னேற்றுதல் அபாயகரமானது.

விவசாயப் பம்புக்கு அளிக்கப்படும் இலவச மின்சாரத்தில் வண்டிக்கு மின்னேற்றுதல் கூடவே கூடாது. ஓர் உபயோகத்துக்குப் பெற்ற மின்சாரத்தை வேறொன்றுக்குத் திருப்புவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின்படி அனுமதியற்ற உபயோகமாகி, இருமடங்கு கட்டணத்துக்கு இடமாகும். வண்டி வாங்குமுன், எந்த இணைப்பில் எந்த விகிதப்படி ஏற்றலாம் என்பதை உள்ளூர் மின்வாரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்ணூர்க் கடற்கரைக் காற்றில் உப்பு மிகுதி. செருகி முனைகளிலும் அடிச்சட்டத்திலும் துரு ஏறாதபடி வாரந்தோறும் நன்னீரால் கழுவித் துடைத்தல் நன்று. செருகிக்குள் நீரைப் பாய்ச்சலாகாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வடசென்னை வெள்ளக்காடாயிற்று. வெள்ளம் வரும் எனில் வண்டியை முன்னதாகவே மேட்டில் நிறுத்துக. மின்கலம் நீரில் மூழ்கியிருப்பின் வண்டியைக் கிளப்பவும், செருகியில் பூட்டவும் வேண்டா. கம்பெனி மெக்கானிக் பார்க்கும்வரை வீட்டிற்கும் வைக்கோற்போருக்கும் தொலைவிலேயே நிற்கட்டும்.

5. கிராம அதிகாரிகள் கவனத்துக்கு

மின்சாரப் பார வண்டிகளுக்குப் பெர்மிட் வேண்டுவதில்லை என்று மத்திய சர்க்கார் 2018 அக்டோபரில் அறிவித்தது. பதிவு, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றுக்கு விலக்கில்லை. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தின் லாரி மானியம், மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கே உரியது. சிறு வண்டிக்கும் அம்மானியம் வாங்கித் தருவதாகக் கூறி முன்பணம் கேட்போரிடம் குடியானவர்கள் ஏமாறாதபடி அதிகாரிகள் எச்சரிக்க வேண்டும்.

கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன் ஒவ்வொருவரும் ஐந்து விவரங்களை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பாராக: நாளொன்றுக்கு ஓடும் தூரம், ஆண்டில் ஓடும் நாட்கள், ஒரு நடைக்கு ஏற்றும் எடை, மின்னேற்றும் இடமும் யூனிட் விலையும், மின்கலத்துக்கு உற்பத்தியாளர் எழுத்தில் கொடுக்கும் உத்தரவாத ஆண்டுகள். கடனின் கடைசித் தவணைக்கு முன்பே உத்தரவாதம் முடியுமாயின் அக்கடன் வேண்டா. ஆண்டுக் கணக்கு பதினாயிரம் கிலோமீட்டரைத் தாண்டுமாயின் துணிந்து வாங்கலாம். தாண்டாதாயின் அண்டை நிலத்தாரோடு கூடிப் பேசுவதே முதல் வேலையாகும்.