நள்ளிரவில் ஏசி நின்றால்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சென்னையின் உச்ச வெப்பம் 45 டிகிரி. 2003 மே 31 அன்று பதிவானது. அந்த அளவுக்குப் போகாத கத்திரி நாட்களிலும் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் வீடுகளின் பாடு திண்டாட்டம்தான். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட், இரவில்தான் சூட்டை அறைக்குள் இறக்கும். அந்த நேரத்தில் ஏசி நின்றால் யாருக்கும் பதற்றம் வரும். பதற்றத்தில் இருப்பவரிடம் எதைச் சொன்னாலும் செல்லுபடியாகும் என்பதுதான் என் கவலை. காலங்காலமாகச் சொல்லப்படும் சிலவற்றைச் சரிபார்த்துவிடுவோம்.

“ஏசி கேஸ் வருஷா வருஷம் குறையும், நிரப்பித்தான் ஆக வேண்டும்.”

குறையாது. பெட்ரோல்போல எரிந்து தீரும் பொருள் அல்ல அது. மூடிய செம்புக் குழாய்க்குள் ஆவியாகி, திரவமாகி, மறுபடி ஆவியாகிச் சுற்றிக்கொண்டே இருக்கும். வீட்டு ஃப்ரிட்ஜும் இதே முறையில்தான் ஓடுகிறது. அதற்கு நாம் ஆண்டுதோறும் கேஸ் போடுவதில்லை. ஏசியில் கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்பினால், கொடுத்த பணமும் அதே ஓட்டை வழியே போய்விடும்.

கசிவு பல நேரம் கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே இருக்கும். அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் செம்புக் குழாய்கள் வந்து சேரும் பித்தளை நட்டுகளைப் பாருங்கள். அங்கே எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி அப்பியிருந்தால் சந்தேகப்படலாம். கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் கொஞ்சம் வெளியேறியிருக்கும். அந்த இடத்தில் சோப்பு நுரையைத் தடவினால் குமிழ் விடும். கூலிங் காயிலுக்குள் இருக்கும் கசிவு இப்படித் தெரியாது. நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

கசிவை அடைத்த பிறகு, வேக்குவம் பம்ப் வைத்துக் குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்தாக வேண்டும். ஈரம் தங்கினால் நாளடைவில் கம்ப்ரஸரையே கெடுக்கும். எவ்வளவு கேஸ் போட வேண்டும் என்பது அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே எடைக்கணக்கில் அச்சிடப்பட்டிருக்கும். சிலிண்டரைத் தராசில் வைத்து அந்த எடையைப் போடுபவரே முறையாக வேலை தெரிந்தவர். இப்போது வரும் ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32 இருக்கும். சிலவற்றில் ஆர்-290, அதாவது புரொபேன். முதலாவது ஓரளவு தீப்பற்றும், இரண்டாவது நன்றாகவே பற்றும். உள்ளே கேஸ் இருக்கும்போது குழாயில் வெல்டிங் வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

“கூலிங் இல்லை என்றாலே கேஸ் போச்சு.”

முதலில் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். தூசி அடைத்த ஃபில்டரே காற்றை மறித்துக் காயிலில் ஐஸ் கட்ட வைக்கும். ஐஸ் தெரிந்தால் கூலிங்கை நிறுத்தி ஃபேன் மோடில் சில மணி நேரம் ஓட விடுங்கள். அவுட்டோர் யூனிட் உறுமிவிட்டு ஓடாமல் நின்றால் கெபாசிட்டர் போயிருக்க வாய்ப்பு அதிகம். அது கம்ப்ரஸரோடு ஒப்பிட்டால் மிகச் சின்னச் செலவு. ஆனால் நீங்களே திறக்காதீர்கள்; மெயினை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும். எம்சிபி ட்ரிப் ஆனால் ஒருமுறை தூக்கிவிட்டுப் பார்க்கலாம். மறுபடி விழுந்தால், அல்லது கருகும் வாடை வந்தால், மெயினை அணைத்துவிட்டுக் காலை வரை அப்படியே விடுங்கள்.

“நெட்டில் முதலில் வருவதுதான் கம்பெனி நம்பர்.”

பணம் கொடுத்து விளம்பரம் போட்டாலும் முதலில் வரலாம். மோசடிக்காரர்களும் போடுகிறார்கள். ‘கம்ப்ளெயின்ட் பதிய பத்து ரூபாய் மட்டும் கட்டுங்கள்’ என்று லிங்க் அனுப்பினாலோ, போனில் ஓர் ஆப் இறக்கச் சொன்னாலோ உடனே துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். உண்மையான எண் வாரன்ட்டி கார்டிலும் வாங்கிய பில்லிலும் இருக்கும். அதைவிட நம்பகமானது, அடுத்த வீட்டுக்காரர் இரண்டு கோடைக்கு மேல் கூப்பிட்டுவரும் மெக்கானிக்கின் எண்.

வாரன்ட்டி உள்ள ஏசி என்றால் மட்டும் கம்பெனியைத்தான் முதலில் அழைக்க வேண்டும். கம்ப்ரஸருக்கு 5 அல்லது 10 ஆண்டு வாரன்ட்டி இருப்பது சகஜம். வெளியாள் கை வைத்தால் அது செல்லாமல் போகலாம்.

“ஃபேன் ஓடுதே, காலையில் பார்த்துக்கலாம்.”

இயந்திரத்துக்கு இது பொருந்தும். வீட்டில் முதியவரோ கைக்குழந்தையோ இதயநோயாளியோ இருந்தால் பொருந்தாது. அறைக்காற்று உடம்பைவிடச் சூடாக இருக்கும்போது ஃபேன் அந்தச் சூட்டையே மேலே வீசும். ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துவிட்டு ஃபேன் போட்டால் பலன் உண்டு. கீழ்த்தள வீட்டுக்கோ உறவினர் வீட்டுக்கோ அவர்களை அழைத்துப் போவது இன்னும் நல்லது. பேச்சு குழறினாலோ, ஆள் குழம்பினாலோ, உடம்பு கொதித்தாலோ மெக்கானிக்கை மறந்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.

“கெய்சர் தண்ணீரில் லேசாக ஷாக் அடிப்பது சகஜம்.”

ஏசியைத் தாண்டி கெய்சர் பற்றியும் இப்படி ஒரு நம்பிக்கை உண்டு. இதை நம்புவது உயிரோடு விளையாடுவது. உள்ளே ஹீட்டிங் எலிமென்ட் பழுதாகி மின்சாரம் கசிகிறது; எர்த்திங்கும் சரியில்லை. அந்த நிமிடமே எம்சிபியை அணையுங்கள். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போட்ட வீட்டில் இப்படிக் கசிந்தால் அது தானே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். இல்லாத வீடுகள் இந்த ஆண்டே போட்டுக்கொள்ள வேண்டும். குளிர் ஊர்களில் ஆபத்து வேறு: ஊட்டி, கொடைக்கானல் பக்கம் ரூம் ஹீட்டர் கெட்டுப்போனால் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். இன்னொரு கம்பளி போதும், கரி வேண்டாம்.

என்ன அவசரமானாலும், என்ன கெட்டது, எதை மாற்றினார்கள், எவ்வளவு கேஸ் போட்டார்கள் என்று எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேளுங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே புகார் சொல்லலாம். அப்போது கையில் பில் இருக்க வேண்டும்.