வலிக்காமலே கழன்ற இம்பிளான்ட்

கேள்வி: எனக்கு வயது 54. சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றை எடுத்த இடத்தில் இம்பிளான்ட் வைத்துக்கொண்டேன். சில நாள் வீக்கம் இருந்தது. பிறகு ஒரு தொந்தரவும் இல்லை. மூன்று மாதம் கழித்து கேப் போடப் போனால், டாக்டர் திருகிய திருகலில் இம்பிளான்ட்டே சுழன்றது. எடுத்துவிட்டார். “உன் உடம்பு அதை ஏற்றுக்கொள்ளவில்லை, விட்டுவிடு” என்கிறார்கள் வீட்டில். டாக்டரோ இன்னொன்று வைக்கலாம் என்கிறார். வலியே இல்லாமல் எப்படிக் கழன்றது? யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: கழன்றதே என்று வருந்துகிறவர்கள்தான் அதிகம், வலிக்காமல் கழன்றது ஏன் என்று கேட்பவர்கள் குறைவு. நீங்கள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள்.

முதலில் உங்கள் வீட்டாரின் தீர்ப்பைப் பார்ப்போம். மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிப்பதுண்டு. அதில் இருப்பவை வேறொருவரின் உயிரணுக்கள்; நம் எதிர்ப்பு சக்தி அவற்றை அந்நியர் என்று கண்டுபிடித்துத் தாக்குகிறது. இம்பிளான்ட் வெறும் டைட்டானியம் உலோகம். காற்றுப் பட்டதும் அதன்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிவிடும். அதனோடு எலும்புக்கு எந்தப் பகையும் இல்லை. 1950-களில் ஸ்வீடனின் பிரோனேமார்க் என்ற ஆய்வாளர், முயலின் கால் எலும்பில் இரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து எடுக்கப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதை இறுகப் பற்றியிருந்தது. 1965-இல் அவர் முதன்முதலாக இம்பிளான்ட் பொருத்திய நோயாளி 2006-இல் இறக்கும்வரை அவை உழைத்தன. டைட்டானிய ஒவ்வாமை இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மிக மிக அரிது. உங்களுக்கு நடந்தது நிராகரிப்பு அல்ல. எலும்பு ஒட்ட வேண்டிய நேரத்தில் ஒட்டாமல் போனது.

ஏன் ஒட்டவில்லை? வைத்த அன்று இம்பிளான்ட் உறுதியாக நிற்பது அதன் மரைகள் எலும்பைக் கவ்வுவதால் மட்டுமே. அதன்பின் உடம்பு, துளையிட்டபோது அடிபட்ட பழைய எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிட்டுப் புதிய எலும்பை வளர்க்கிறது. கரைவது முந்திக்கொள்ளும், வளர்வது பிந்தி வரும். ஆகவே ஏறத்தாழ மூன்றாவது, நான்காவது வாரத்தில் பிடிமானம் முதல் நாளைவிடக் குறைவாக இருக்கும். வீக்கம் வடிந்து, வலி மறந்து, “சரியாகிவிட்டது” என்று முறுக்கைக் கடிக்கத் தோன்றுவதும் அதே வாரங்களில்தான்!

அந்தச் சமயத்தில் இம்பிளான்ட் 0.1, 0.15 மில்லிமீட்டர் அசைந்தாலே போதும். எலும்பு வளர வேண்டிய இடத்தில் நார்த் திசு, அதாவது தழும்பில் இருப்பது போன்ற மென்மையான சதை, வளர்ந்துவிடுகிறது. கான்கிரீட் இறுகுமுன் ஆட்டிவிட்ட கம்பம் நிமிர்ந்துதான் நிற்கும். பிடித்துத் திருகினால்தான் தெரியும். நார்த் திசு வலிக்காது. இம்பிளான்ட்டுக்கு நரம்பும் கிடையாது. உங்கள் முதல் கேள்விக்கு விடை இதுதான்.

அசைவு ஒன்றே காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். துளையிடும்போது எலும்பு ஒரு நிமிடம் 47 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்தாலே அதன் உயிரணுக்கள் பாதிக்கப்படும். உப்புநீரைப் பீய்ச்சிக்கொண்டே துளையிடுவது அதற்காகத்தான். கீழ்த்தாடை எலும்பு கெட்டியானது, ஆகவே சூடேறும் வாய்ப்பு அதிகம்; மேல்தாடையின் பின்பகுதி மென்மையானது, அங்கே பிடிமானம் கிடைப்பதுதான் சிரமம். எடுத்த பல்லின் வேரில் சீழ் மிச்சமிருந்தாலும் சிக்கல். கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் புகையும் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். சர்க்கரை இருப்பதாலேயே இம்பிளான்ட் கூடாது என்பதில்லை. கட்டுக்குள் இருந்தால் நன்றாகவே பிடிக்கும்.

இனி என்ன செய்வது?

டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். வைத்த அன்று பிடிமானம் எப்படி இருந்தது? எடுத்தபோது சீழ் இருந்ததா, வெறும் நார்த் திசுதானா? இப்போது எவ்வளவு எலும்பு மிச்சம்? கடைசிக் கேள்விக்கு ஸ்கேன் தேவைப்படலாம். நல்ல மருத்துவர் இவற்றைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அடுத்து, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை. அது 7-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 8-ஐத் தாண்டினால் பல மருத்துவர்கள் தள்ளிப்போடச் சொல்வார்கள். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டிருந்தால், பல் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். தாடை எலும்பு ஆறுவதை அவை பாதிக்கும்.

பிறகு காத்திருப்பு. குழி எலும்பால் நிரம்பப் பொதுவாக மூன்று, நான்கு மாதமாகும். எலும்பு குறைந்திருந்தால் எலும்புத் தூள் வைத்து நிரப்புவார்கள். அப்போது இன்னும் சில மாதம் கூடும். அதே இடத்தில் வைக்கும் இரண்டாவது இம்பிளான்ட் பிடிக்கும் வாய்ப்பு முதலாவதைவிடச் சற்றுக் குறைவுதான். ஆனாலும் பெரும்பாலானவர்களுக்குப் பிடித்துவிடுகிறது. இந்த முறை டாக்டர் சொல்லும்வரை அந்தப் பக்கம் கடிக்காதீர்கள், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும். இரவில் பல் நறநறப்பவரானால் அதையும் சொல்லுங்கள்.

இம்பிளான்ட்தான் வேண்டும் என்றும் இல்லை. பக்கத்துப் பற்கள் இரண்டும் ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்து கேப் போட்டவை என்றால், பிரிட்ஜ் கட்டுவதே சுலபம். அவை பழுதில்லாத பற்கள் என்றால், பிரிட்ஜுக்காக அவற்றைத் தேய்க்க எனக்கு மனம் வராது.

ஏற்கெனவே இம்பிளான்ட் பிடித்து, கேப்பும் போட்டுக்கொண்ட வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அது ஆடினால் பதறாதீர்கள். பல நேரம் உள்ளிருக்கும் சிறு ஸ்குரூதான் தளர்ந்திருக்கும், இறுக்கினால் சரியாகும். துலக்கும்போது இம்பிளான்ட்டைச் சுற்றி ஈறில் இரத்தம் கசிந்தால்தான் தாமதிக்கக் கூடாது. வீக்கம் ஈறோடு இருக்கும்வரை சுத்தம் செய்து மீட்கலாம். எலும்பைத் தொட்டுவிட்டால் மீட்பது கடினம்.

ஆக, யார் பேச்சைக் கேட்பது? டாக்டர் பேச்சைத்தான் கேளுங்கள், ஆனால் “இன்னொன்று வைக்கலாம்” என்பதோடு அவரை விட்டுவிடாதீர்கள். “போன முறை ஏன் பிடிக்கவில்லை, இந்த முறை எதை மாற்றப் போகிறீர்கள்?” என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் வந்தால் தேதி வாங்குங்கள். வராவிட்டால், எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு இன்னொரு டாக்டரையும் பார்த்துவிடுங்கள்.